சீதன உறுதியும் திருமண ஒப்பந்தமும்: மார்க்கம் தமிழர் மணவாழ்வில் சொத்து உடன்பாட்டை நீக்கும் முறை பற்றிய வரலாற்று நோக்கு

முன்னுரை

மணத்திற்கு முன் சொத்துப் பற்றி எழுதிக்கொள்ளும் வழக்கம் மேலைநாட்டுப் புதுமை என்றும், தமிழ்க் குடும்பங்களுக்கு அயலானது என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. யாழ்ப்பாணத்துச் சமூக வரலாறு இக்கருத்துக்கு இடந்தரவில்லை. மணப்பெண்ணுக்கு உரிய காணி, வீடு, நகை ஆகியவற்றை ஓலையிலும் பின்னர் உறுதியிலும் எழுதி, சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிட்ட பின்னரே தாலி கட்டிய மரபு அங்கு நூற்றாண்டுகளாக நிலவியது. 1983க்குப் பின் கனடாவுக்குப் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் முதலில் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும், பின்னர் ஸ்ரீல்ஸ் வீதிக்கு வடக்கே மார்க்கத்திலும் வீடு வாங்கிக் குடியமர்ந்தனர். அவர்கள் எழுத்துமரபு அற்ற ஒரு சூழலிலிருந்து வந்தவர்கள் அல்லர். ஓர் எழுத்துமரபிலிருந்து பிறிதோர் எழுத்துமரபுக்குள் நுழைந்தவர்கள் என்பதே பொருத்தம்.

இவ்விரு மரபுகளுக்கும் இடையிலான முதன்மை வேறுபாடு எழுதியதை நீக்கும் முறையில் வெளிப்படுகிறது. மணமுன் எழுதப்பட்ட உடன்பாட்டைக் கணவனும் மனைவியும் பின்னாளில் நீக்க விரும்பினால் அதற்கான உரிமை யாரிடம் உள்ளது, நீக்கத்திற்கு வேண்டிய வடிவம் யாது, நீக்கத்தின் பின் எச்சட்டம் அவர்களை ஆளும் ஆகிய மூன்று வினாக்களை இக்கட்டுரை யாழ்ப்பாணத் தேசவழமையையும் ஒன்ராறியோக் குடும்பச் சட்டத்தையும் ஒப்புநோக்கி ஆராய்கிறது.

தேசவழமையில் மணச்சொத்து

ஒல்லாந்தர் ஆட்சியில் ஆளுநர் கோர்னேலிஸ் யோவான் சீமோன்சின் பணிப்பின்படி யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்சு தேசவழமையைத் தொகுத்தார். அத்தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டு, 1707ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் அதற்குச் சட்டவலுக் கொடுத்தனர்.

தேசவழமை மணச்சொத்தை மூவகையாகப் பகுத்தது. கணவன்வழி மரபாக வந்தது முதுசம். மனைவி மணத்தின்போது கொண்டுவந்தது சீதனம். மணவாழ்வுக் காலத்தில் இருவரும் ஈட்டியது தேடிய தேட்டம். போர்த்துக்கேயர் காலத்தில் இப்பகுப்பு ஓரளவு குலைந்து, பெற்றோரின் எவ்வகைச் சொத்திலிருந்தும் மகளுக்குச் சீதனம் கொடுக்கும் வழக்கம் பரவியதையும் அத்தொகுப்பே பதிவு செய்கிறது.

சீதனவோலையின் இயல்பை அறிய அதனுடன் இணைந்த மூன்று விதிகள் துணைபுரிகின்றன. முதலாவது, சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் உரிமை கோர இயலாது. இரண்டாவது, சீதனமாகக் குறிக்கப்பட்ட காணியைப் பத்தாண்டுக் காலத்துள் கைக்கொள்ளாத மணமக்கள் அதன் மீதான உரிமையை இழப்பர். மூன்றாவது, பிள்ளைப்பேறின்றி இறந்த பெண்ணின் சீதனம் கணவனைச் சேராது, அவளுடைய உடன்பிறந்த பெண்களை நோக்கித் திரும்பும்.

இம்மூன்று விதிகளும் சீதனம் கணவன் மனைவி இருவருக்கிடையிலான உடன்பாடு அன்று என்பதைக் காட்டுகின்றன. அதனை எழுதியவர்கள் பெற்றோர். அதன் விளைவைத் தாங்கியவர்கள் பெண்ணின் சகோதரரும் சகோதரியரும் பிள்ளைகளும் ஆவர். எனவே மணமக்கள் இருவரும் மனமொத்து அதனைக் கிழித்தெறிந்தாலும் சட்டம் அதனை நீக்கமாக ஏற்க வழியில்லை. உடன்பாடு வழுவிழந்த ஒரேயொரு தெளிவான வழி, பத்தாண்டுக்காலம் கைக்கொள்ளாது விட்டதாகும். அதுவும் ஒருவரின் விருப்பத்தால் நிகழ்ந்த நீக்கம் அன்று, காலத்தால் நிகழ்ந்த இழப்பு.

உறுதியின் இறுக்கம்

பிரித்தானியர் காலத்தில் ஓலை நொத்தாரிசு உறுதியாயிற்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், நிலம் தொடர்பான கைமாற்றம் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் ஒருங்கே இருக்கையிலும் ஒப்பமிடப்பட வேண்டும் என விதித்தது. சீதன உறுதியும் இவ்விதிக்கு உட்பட்டது. ஏற்கப்பட்ட கொடையைக் கொடுத்தவர் தம் விருப்பப்படி மீளப்பெற இயலாது என்பது இலங்கையின் பொதுச் சட்டமாக நின்ற உரோம டச்சுச் சட்டத்தின் நெறி. நன்றியின்மை போன்ற சில காரணங்களே அதற்கு விதிவிலக்காயின.

அதே உரோம டச்சுச் சட்டம் மணமுன் ஒப்பந்தத்தையும் அறிந்திருந்தது. ஆயின் மணம் நிகழ்ந்தபின் கணவனும் மனைவியும் தாமாக அதனை மாற்றவோ நீக்கவோ கூடாது என்பது அதன் கொள்கை. கணவன் மனைவியர் ஒருவருக்கொருவர் கொடை வழங்குதலை அச்சட்டம் தடுத்தமையும், ஒருவர் மற்றவரின் அன்பையோ அச்சத்தையோ பயன்படுத்திச் சொத்தைக் கவர்ந்துவிடலாம் என்னும் ஐயமும் இக்கொள்கையின் அடிப்படைகளாயின. ஆகவே தேசவழமையிலும் பொதுச் சட்டத்திலும் மணமுன் எழுதியது மணத்தின்பின் மாறாதது என்னும் ஒரே முடிவு வெவ்வேறு காரணங்களால் எட்டப்பட்டது.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் மனைவியின் தனிச்சொத்தை ஏற்றுக்கொண்டது. எனினும் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும் என்னும் கட்டுப்பாட்டை அது தொடர்ந்தது. கணவன் நியாயமின்றி இசைவை மறுக்குமிடத்து மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடலாம் என்பது அதில் வைக்கப்பட்ட வாயில். 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தம் தேடிய தேட்டத்தின் வரைவிலக்கணத்தை மாற்றியமைத்தது. ஆனால் நிலத்தைக் கைமாற்ற மனைவி மட்டுமே இசைவு பெறவேண்டும் என்னும் ஒருபக்கச் சாய்வு எஞ்சியது.

ஒன்ராறியோவில் திருமண ஒப்பந்தத்தின் வரவு

கனடாவின் மணச்சொத்துச் சட்டம் வேறொரு வழியில் வளர்ந்தது. மணமானவர்கள் பிற்காலப் பிரிவை எதிர்நோக்கிச் செய்யும் உடன்பாட்டைப் பொதுக்கொள்கைக்கு மாறானதாக ஆங்கிலேயப் பொதுச் சட்டம் ஒதுக்கி வந்தது. அல்பேர்ட்டா மாகாணத்தில் கணவனுடன் பல்லாண்டு பண்ணையில் உழைத்த மனைவிக்கு அப்பண்ணையில் பங்கில்லை என 1973இல் கனடா உச்ச நீதிமன்றம் மேர்டொக் வழக்கில் வழங்கிய தீர்ப்பு நாடெங்கும் எதிர்ப்பை எழுப்பியது. அதன் விளைவாக எழுந்த சீர்திருத்தங்களுள் ஒன்று ஒன்ராறியோவின் 1978ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டச் சீர்திருத்தச் சட்டம். திருமண ஒப்பந்தத்திற்கு அது வெளிப்படையான சட்ட ஏற்பை வழங்கியது. 1986 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

தமிழர் வருகைக் காலமும் இச்சட்டத்தின் தொடக்கமும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்தன. நியூபவுண்ட்லாந்துக் கடற்பரப்பில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டதும் அதே 1986ஆம் ஆண்டின் ஓகஸ்ட் மாதத்திலேயே. ஆகவே ஒன்ராறியோத் தமிழர் சமூகத்தின் மணவாழ்வு பெரும்பாலும் இப்புதிய சட்டத்தின் கீழேயே அமைந்தது எனலாம்.

அச்சட்டத்தின் மையக்கருத்து, மணவாழ்வுக் காலத்தில் ஏற்பட்ட பொருள்வளர்ச்சியைக் கணவனும் மனைவியும் சமமாகப் பகிர்தல். சொத்து யாருடைய பெயரில் உள்ளதோ அவரிடமே இருக்கும். பகிரப்படுவது அதன் பெறுமதி. ஒவ்வொருவரின் தேறிய குடும்பச் சொத்தும் கணக்கிடப்பட்டு, கூடுதலாக உடையவர் குறைவாக உடையவருக்கு வேறுபாட்டின் பாதியைச் சமன்செய் கொடுப்பனவாக வழங்குவார். மணநாளில் இருந்த சொத்தின் பெறுமதி கழிக்கப்படும். மணத்தின்பின் பிறர் வழங்கிய கொடையும் மரபுரிமையும் விலக்கப்படும்.

இவ்வமைப்பு தேசவழமையை அறிந்தவருக்குப் பழக்கமான சாயலை உடையது. கழிக்கப்படுவதும் விலக்கப்படுவதும் முதுசத்தையும் சீதனத்தையும் நினைவூட்டுகின்றன. பகிரப்படுவது தேடிய தேட்டத்தை ஒத்தது. ஆயின் ஓரிடத்தில் ஒப்புமை முறிகிறது. இணையர் குடியிருக்கும் மணவாழ்வு இல்லத்தின் மணநாள் பெறுமதி கழிக்கப்படுவதில்லை. பெற்றோர் மகளுக்கு மணமுன் வாங்கிக்கொடுத்த வீட்டில் மணமக்கள் குடியேறி, பிரியும் நாளிலும் அதுவே அவர்களின் இல்லமாக இருப்பின், தேசவழமை சீதனமாகத் தனித்து வைத்திருக்கக்கூடிய அந்த வீடு ஒன்ராறியோவில் முழுப்பெறுமதியுடன் கணக்கில் சேரும். இதனைத் தவிர்ப்பதற்கான வழி திருமண ஒப்பந்தமே.

நீக்கத்தின் முதல் வழி: இருவரின் இசைவு

குடும்பச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி மணந்துகொண்டவர்களும் மணக்கவிருப்பவர்களும் திருமண ஒப்பந்தம் செய்யலாம். எனவே மணமுன் செய்த ஒப்பந்தத்தை மணத்தின்பின் திருத்தவும் நீக்கவும் அவர்களுக்குத் தடையில்லை. உரோம டச்சுச் சட்டத்தின் மாறாமைக் கொள்கைக்கு இது நேர்மாறானது.

நீக்கத்திற்குரிய வடிவத்தை 55ஆம் பிரிவு கூறுகிறது. ஒப்பந்தம் மட்டுமன்றி, ஒப்பந்தத்தைத் திருத்தவோ நீக்கவோ செய்யும் உடன்பாடும் எழுத்தில் அமைந்து, இருவராலும் ஒப்பமிடப்பட்டு, சாட்சியுடன் இருத்தல் வேண்டும். இன்றேல் அதனை நடைமுறைப்படுத்த இயலாது. மூலப்படியைக் கிழித்தல், உறவினர் கூடிய சபையில் வாய்மொழியாக விடுதலை அளித்தல், ஒப்பந்தத்தை மறந்ததுபோல் பல்லாண்டு வாழ்தல் ஆகியவை இவ்வடிவத்தை நிறைவு செய்வதில்லை. ஓலையைக் கிழித்தால் உடன்படிக்கை ஒழிந்தது என்னும் மரபுவழி எண்ணம் இங்குப் பயன்படாது. சட்டத்தரணியின் கோப்பில் உள்ள படி தொடர்ந்து வலுவுடன் நிற்கக்கூடும்.

நீக்க உடன்பாடு கணவன் மனைவியின் சொத்துரிமைகளை மாற்றுவதால் அதுவும் ஒரு திருமண ஒப்பந்தத்தின் இயல்பைப் பெறுகிறது. ஆகவே சொத்தையும் கடனையும் வெளிப்படுத்துதல், விளைவை விளங்கிக்கொள்ளுதல், இருவரும் தனித்தனிச் சுயாதீனச் சட்ட ஆலோசனை பெறுதல் ஆகியவை முதல் ஒப்பந்தத்திற்கு எவ்வளவு வேண்டுமோ நீக்கத்திற்கும் அவ்வளவு வேண்டும். சுயாதீன ஆலோசனையைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனால் அது இல்லாதபோது, விளங்காமல் ஒப்பமிட்டதாகப் பின்னர் எழும் வாதத்திற்கு வலுச்சேர்கிறது.

இரண்டாம் வழி: நீதிமன்றத்தால் ஒதுக்கல்

இருவரும் இசையாதபோது ஒருவர் நீதிமன்றத்தை நாடலாம். மார்க்கம் யோர்க் பிராந்தியத்தைச் சேர்ந்தமையால் அங்கு வாழும் இணையருக்குரிய குடும்ப நீதிமன்றம் நியூமார்க்கெட்டில் அமைந்துள்ளது. 56ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு மூன்று காரணங்களைத் தருகிறது. ஒப்பந்தம் செய்தபோது இருந்த குறிப்பிடத்தக்க சொத்தையோ கடனையோ ஒருவர் மறைத்தமை முதலாவது. ஒப்பந்தத்தின் இயல்பையோ விளைவையோ ஒருவர் விளங்கிக்கொள்ளாமை இரண்டாவது. வற்புறுத்தல், மோசடி போன்ற ஒப்பந்தச் சட்டத்தின் பொதுக்காரணங்கள் மூன்றாவது. இவ்வுரிமையைக் கைவிடுவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டாலும் அவ்வெழுத்து செல்லாது.

காரணம் நிறுவப்பட்டவுடன் ஒப்பந்தம் தானாக வீழ்வதில்லை. ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் லெவான் வழக்கில் இதனை இரு படிகளாக விளக்கியது. வழக்காடுபவர் முதலில் காரணத்தை மெய்ப்பிக்க வேண்டும். அதன்பின் ஒப்பந்தத்தை ஒதுக்குவதா என்பதை நீதிமன்றம் தன் தற்றுணிபின்படி முடிவு செய்யும். அவ்வழக்கில் கணவன் தன் சொத்து விவரங்களை முறையாக வெளியிடாமையால் ஒப்பந்தம் ஒதுக்கப்பட்டது.

இதற்கு மாறான நிலையை உச்ச நீதிமன்றத்தின் 2004ஆம் ஆண்டு ஹார்ட்ஸ்ஹோர்ன் தீர்ப்பு காட்டுகிறது. பிரித்தானியக் கொலம்பியாவில் எழுந்த அவ்வழக்கில் ஒப்பந்தம் திருமண நாளன்றே ஒப்பமிடப்பட்டது. அது மிகவும் நியாயமற்றது என மனைவியின் ஆலோசகர் முன்னரே எச்சரித்திருந்தார். எனினும் பெரும்பான்மை நீதியரசர்கள் ஒப்பந்தத்தை நிலைநிறுத்தினர். அம்மாகாணத்தின் சட்டம் ஒன்ராறியோவினதிலிருந்து வேறுபட்டது எனினும், அறிந்து ஒப்பமிட்டவர் பின்னர் வருந்துவது மட்டும் நீக்கத்திற்குப் போதாது என்னும் படிப்பினை பொதுவானது.

சில விடயங்களில் நீக்கமே தேவையில்லை. மணவாழ்வு இல்லத்தில் வசிக்கும் உரிமையை ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்த முடியாது. பிள்ளைகள் பற்றிய ஏற்பாட்டை அவர்களின் நலன் கருதி நீதிமன்றம் புறக்கணிக்கலாம். பராமரிப்புக் கொடுப்பனவைக் கைவிட்ட வாசகம் மனச்சான்றுக்கு ஒவ்வாத நிலையை விளைவித்தால் 33ஆம் பிரிவின்கீழ் அதனை ஒதுக்கலாம்.

நீக்கத்தின் விளைவு

ஒப்பந்தம் நீங்கியதும் வெற்றிடம் தோன்றுவதில்லை, சட்டத்தின் பொதுவிதி திரும்புகிறது. இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். மணநாளில் மனைவியிடம் பெற்றோர் வாங்கிக்கொடுத்த 500,000 டொலர் பெறுமதியான வீடு உள்ளது. கணவனிடம் எதுவுமில்லை. இருவரும் அவ்வீட்டிலேயே வாழ்கின்றனர். பிரியும் நாளில் வீட்டின் பெறுமதி 900,000 டொலர், கணவனின் சேமிப்பு 100,000 டொலர். வேறு சொத்தோ கடனோ இல்லை. வீட்டைக் கணக்கிலிருந்து விலக்கும் ஒப்பந்தம் இருப்பின் கணவன் மனைவிக்கு 50,000 டொலர் வழங்கவேண்டும். ஒப்பந்தம் நீக்கப்பட்டிருப்பின் மனைவியின் தேறிய குடும்பச் சொத்து 900,000 டொலராகவும் கணவனுடையது 100,000 டொலராகவும் அமையும். மனைவியே கணவனுக்கு 400,000 டொலர் வழங்கவேண்டும். நீக்கத்திற்கு இட்ட ஒற்றை ஒப்பம் 450,000 டொலர் வேறுபாட்டை விளைவிக்கிறது.

இவ்விளைவில் பெற்றோரின் நிலை கவனத்திற்குரியது. யாழ்ப்பாண உறுதியில் அவர்களே எழுதுபவர்கள். ஒன்ராறியோ ஒப்பந்தத்தின் தரப்பினர் கணவனும் மனைவியும் மட்டுமே. வீட்டிற்குப் பணம் கொடுத்த தாய் தந்தையர் அறியாமலேயே, மகளும் மருமகனும் ஒப்பந்தத்தை நீக்கிவிடலாம். நீக்கத்தைத் தடுக்கும் உரிமை குடும்பத்திடமிருந்து இணையரிடம் பெயர்ந்துள்ளது. இப்பெயர்ச்சி பெண்ணுக்கு விடுதலையும் தரலாம், இடரும் தரலாம். நியாயமற்ற ஒப்பந்தத்திலிருந்து உறவினரின் இசைவின்றி அவள் வெளியேறலாம். அதேவேளை, மணவாழ்வின் நெருக்கத்தில் அவளை நெருக்கி ஒப்பம் பெறுவதைத் தடுக்க மூத்தோர் எவரும் அருகில் இருக்கமாட்டார். மாறாமைக் கொள்கை எந்த அச்சத்தால் பிறந்ததோ அதே அச்சத்தை இங்கு 56ஆம் பிரிவும் தனித்தனிச் சட்ட ஆலோசனையும் எதிர்கொள்கின்றன.

இசைவு பற்றிய விதியும் மாறியுள்ளது. மணவாழ்வு இல்லத்தை விற்கவோ அடகுவைக்கவோ பெயருடையவர் எவராயினும் மற்றவரின் இசைவைப் பெறவேண்டும் என 21ஆம் பிரிவு விதிக்கிறது. இசைவு நியாயமின்றி மறுக்கப்பட்டால் நீதிமன்றம் அதனைத் தவிர்க்கலாம். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் அமைப்பை இது ஒத்தது. வேறுபாடு, கட்டுப்பாடு இருபாலாருக்கும் சமமாக்கப்பட்டமையே.

இரு நிலங்களுக்கு இடையில்

யாழ்ப்பாணத்தில் எழுதிய சீதன உறுதியுடன் மார்க்கத்தில் வாழும் இணையர் இரு சட்ட ஒழுங்குகளைச் சந்திக்கின்றனர். அவ்வுறுதி பெற்றோரின் கொடையாதலால் ஒன்ராறியோவில் திருமண ஒப்பந்தமாகாது. மார்க்கத்தில் எழுதும் நீக்கப் பத்திரம் வலிகாமத்துக் காணியின் உரித்தை மாற்றாது. அதற்கு இலங்கைச் சட்டப்படியான நொத்தாரிசு உறுதி வேண்டும். ஆயினும் கணவன் மனைவியின் இறுதிப் பொதுவாழ்விடம் ஒன்ராறியோவாக இருப்பின், 15ஆம் பிரிவின்படி அவர்களது சொத்துரிமைகளை ஒன்ராறியோச் சட்டமே ஆளும். காணியின் பெறுமதி இங்குக் கணக்கில் எழும். வெளிநாட்டில் கணவனும் மனைவியும் தமக்குள் செய்த உடன்பாடு அந்நாட்டுச் சட்டப்படி மதிக்கப்படும் என்று 58ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அதனை ஒதுக்கும் 56ஆம் பிரிவின் அதிகாரம் அதன்மீதும் செல்லும்.

முடிவுரை

தேசவழமையின் சீதனவோலை குடும்பத்தின் எழுத்து. அதனை இணையர் நீக்க இயலாது. உரோம டச்சு மணமுன் ஒப்பந்தம் இணையரின் எழுத்தாயினும் மணம் அதனை மாறாததாக்கியது. ஒன்ராறியோவின் திருமண ஒப்பந்தம் இணையரின் எழுத்தாகவே தொடர்ந்து, அவர்களால் எந்நாளும் நீக்கத்தக்கதாக நிற்கிறது. எழுத்து, இருவர் ஒப்பம், சாட்சி ஆகிய மூன்றும் அந்நீக்கத்தின் வடிவம். வெளிப்படைத்தன்மையும் விளக்கமும் அதன் உயிர். நீக்கத்தின்பின் தேட்டம் பகிரப்படும் என்பதையும், இல்லமாகிய சீதனமும் அத்துடன் சேர்ந்து பகிரப்படும் என்பதையும் அறிந்து ஒப்பமிடுவோரே அவ்வுரிமையை முழுமையாகக் கையாண்டவராவர்.

மார்க்கத்தின் தமிழ் வீடுகளில் இன்று மணம் பேசும் தலைமுறை கனடாவில் பிறந்தது. வீட்டிற்குப் பணம் கொடுக்கும் தலைமுறையோ உறுதி மாறாது என்னும் நம்பிக்கையில் வளர்ந்தது. ஒரே மேசையைச் சுற்றி அமரும் இவ்விரு தலைமுறையினரும் நீக்கம் என்னும் சொல்லுக்கு வெவ்வேறு பொருள் கொண்டிருப்பது இயல்பு. ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே அதன் நீக்கம் பற்றியும் வெளிப்படையாகப் பேசப்படுவது இரு மரபுகளின் வரலாறும் ஒருங்கே உணர்த்தும் தேவையாகும்.